குழுவுக்கும் ஒரு மடைமுறை வேண்டும்

இயற்கை வேளாண்மை செய்கிற பத்துப் பேர் ஓர் இடத்தில் கூடினால் அன்று சாயந்திரமே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிடுகிறது. தொடங்குவது சுலபம். ஆறு மாதம் கழித்து அந்தக் குழுவைத் திறந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். காலை வணக்கப் படம், ரோஜாப்பூ, எங்கிருந்தோ வந்த கைவைத்தியக் குறிப்பு, கட்சிச் சண்டை, பழைய டிராக்டர் விற்பனை. இதற்கு நடுவில் எங்கேயோ ஓர் உழவர் கேட்ட கேள்வி, பதில் இல்லாமல் கிடக்கும். விவரம் தெரிந்த மூத்த உழவர் ஒருவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறியிருப்பார். அவர் போனது கூடப் பலருக்குத் தெரிந்திருக்காது.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, மதுராந்தகம் பக்கம் மூன்று ஏக்கரில் எட்டு வருஷமாக நெல்லும் நிலக்கடலையும் இயற்கை முறையில் செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் வட்டார உழவர் குழுவில் இப்போது ஏறக்குறைய 140 பேர். அதை நடத்துகிற மூன்று பேரில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. எல்லாரும் தன் வயல் வேலை போக மிச்ச நேரத்தில்தான் செய்கிறோம். இப்படிப்பட்ட ஒரு குழு ஓய்ந்துபோகாமல் நடக்க என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று நாங்கள் நடைமுறையில் கண்டதை இங்கே எழுதுகிறேன். புதிதாகக் குழு தொடங்குகிறவர்களுக்கும், இருக்கிற குழுவைச் சீர்செய்ய நினைக்கிறவர்களுக்கும் பயன்படும்.

கவனமும் ஏரித் தண்ணீரும்

ஏரிப் பாசனத்தில் தண்ணீர் எல்லாருக்கும் பொது. ஆனால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மடையைத் திறந்துகொள்ளலாம் என்றால் கடைமடைக்காரன் வயல் காய்ந்துவிடும். அதற்காகத்தான் ஊரில் ஓர் ஆளை வைத்தார்கள். எங்கள் பக்கம் கம்புகட்டி என்பார்கள். தெற்கே நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று சொல்வார்கள். எந்த மடை, எந்த நாள், எத்தனை நாழிகை என்று அவர் முறைவைத்து விடுவார். அவர் நிலச்சுவான்தார் இல்லை, அதிகாரியும் இல்லை. ஊர் ஒத்துக்கொண்ட முறையைக் காப்பவர், அவ்வளவுதான்.

குழுவில் அந்தத் தண்ணீர் மற்றவர்களுடைய கவனம். ஓர் உழவர் ஒரு நாளில் போனை எடுத்துப் பார்ப்பது மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். மாடு கறந்து, மடை பார்த்து, களை எடுத்து வந்து உட்கார்ந்து பார்க்கிறார். அந்த அரை மணியை 60 வாழ்த்துப் படங்கள் குடித்துவிட்டால் 61-வதாக இருக்கிற கேள்விக்குப் பாய்ச்ச ஒன்றும் மிச்சம் இருக்காது.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தீபாவளி நாளில் எங்கள் உறுப்பினர் ஒருவர் தன் சம்பா வயலின் படம் போட்டு, “நடுவுல வட்ட வட்டமா காயுது, என்னான்னு பாருங்கண்ணே” என்று கேட்டிருந்தார். புகையான். படத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஆனால் அன்றைக்கு வாழ்த்துகள் மட்டும் இருநூறுக்கு மேல். மூன்றாம் நாள் ஒருவர் மேலே தள்ளிப் பார்த்தபோதுதான் கேள்வி கண்ணில் பட்டது. தண்ணீரை வடியவிட்டு, தூர்களைப் பிரித்து வெயிலும் காற்றும் அடிக்குப் போகும்படி செய்திருந்தால் முதல் நாளிலேயே நிறுத்தியிருக்கலாம். அதற்குள் பரவிவிட்டது. அவருக்கு அந்த வருஷம் அரை ஏக்கர் பதராகப் போயிற்று. வாழ்த்துச் சொன்ன யாரும் கெட்டவர்கள் இல்லை. முறை இல்லாததுதான் கேடு.

அதற்குப் பிறகு வந்த மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசி வகுத்ததுதான் கீழே வருகிற முறைகள்.

ஒரு வாய்க்கால் போதாது. பத்து வாய்க்காலும் கூடாது

முதல் வேலை, வாய்க்காலைப் பிரிப்பது. நாங்கள் மூன்றாகப் பிரித்தோம்.

முதலாவது, அறிவிப்பு. இதில் பொறுப்பாளர்கள் மட்டுமே பதிவிட முடியும்படி அமைப்பை மாற்றி வைத்தோம். கூட்ட நாள், பயிற்சி, மழை எச்சரிக்கை, பூச்சி எச்சரிக்கை இவ்வளவுதான் இதில் வரும். வாரத்துக்கு இரண்டு மூன்று செய்திக்கு மேல் போகாது. அதனால் இதில் மணி அடித்தால் எல்லாரும் எடுத்துப் பார்க்கிறார்கள். இதன் அருமை கோடை மழையில் தெரியும். மானாவாரி நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சிகள் மழை பெய்ததும் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும். அந்த இரவுகளில் ஊர் முழுக்க விளக்குப்பொறி வைத்தால், தீ மூட்டினால், முட்டையிடும் முன்பே பிடித்துவிடலாம். ஒருவர் மட்டும் வைத்துப் பிரயோசனம் இல்லை. எல்லாரும் ஒரே ராத்திரி வைக்கவேண்டும். சாயந்திரம் ஐந்து மணிக்குப் போட்ட செய்தி ஏழு மணிக்குள் எல்லார் கண்ணிலும் படவேண்டும். அறிவிப்பு வாய்க்கால் சுத்தமாக இருந்தால்தான் அது நடக்கும்.

இரண்டாவது, கேள்வி பதில். பயிர், மண், மாடு, விதை, கரைசல் பற்றி யாரும் கேட்கலாம், யாரும் சொல்லலாம். வேறு எதுவும் கூடாது.

மூன்றாவது, சந்தை. விதை, விளைபொருள், நாட்டுமாடு, கருவி என்று வாங்கல் விற்றல் எல்லாம் இங்கே. விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேர்ந்தால் போதும்.

“அப்போ வாழ்த்துச் சொல்லவே கூடாதா?” என்று கேட்டார்கள். பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் பொறுப்பாளர் ஒருவர் எல்லார் சார்பிலும் ஒரே வாழ்த்துப் போடுகிறார். தனிப்பட்ட முறையில் சொல்ல நினைப்பவர்கள் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள். சாவுச் செய்திக்கு மட்டும் விலக்கு. அது அறிவிப்பில் வரும். அதன்கீழே “ஆழ்ந்த இரங்கல்” என்று நூறு பேர் எழுதாமல், முடிந்தவர்கள் நேரில் போகிறோம்.

சில ஊர்களில் நெல்லுக்கு ஒன்று, காய்கறிக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, மாடித்தோட்டத்துக்கு ஒன்று என்று பத்துக் குழு வைத்திருக்கிறார்கள். அதுவும் சரிவராது. எல்லாக் குழுவிலும் அதே ஆட்கள்தான் இருப்பார்கள். ஒரே கேள்வியை நாலு இடத்தில் போடுவார்கள். நூற்றைம்பது பேருக்குள் என்றால் மூன்றே அதிகம்.

கேள்வி கேட்பதில்தான் பாதி பதில் இருக்கிறது

“பயிர் மஞ்சளா இருக்கு, என்ன அடிக்கலாம்?” எந்தக் குழுவிலும் அதிகம் வருகிற கேள்வி இதுதான். இதற்கு யாராலும் ஒழுங்கான பதில் சொல்ல முடியாது. நெல் மஞ்சளாவதற்குத் தழைச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம்; அப்போது அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைவு என்றால் புது இலை முதலில் வெளுக்கும். பாக்டீரியா இலைக்கருகல் என்றால் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோவாக இருக்கலாம். வெறுமனே தண்ணீர் தேங்கி வேர் மூச்சுவிட முடியாமலும் இருக்கலாம். ஐந்துக்கும் ஐந்து வழி. விவரம் இல்லாமல் கேட்டால் ஐந்து பேர் ஐந்தைச் சொல்வார்கள். கேட்டவர் குழம்பிப்போய் மருந்துக் கடைக்குப் போய்விடுவார். இயற்கைக்கு மாறிவந்த முதல் வருஷக்காரர் பலர் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான்.

அதனால் கேள்வியோடு ஆறு விவரம் சேர்க்கச் சொல்கிறோம். ஊர், பயிரும் ரகமும், நட்டு அல்லது விதைத்து எத்தனை நாள், தண்ணீர் எப்படி, கடைசியாக என்ன கொடுத்தீர்கள், இந்த மாற்றம் எப்போதிருந்து வயலில் எந்தப் பக்கம்.

படம் மூன்று. வயல் முழுதும் தெரிகிற மாதிரி ஒன்று, ஒரு செடி முழுதாக ஒன்று, பாதித்த இடம் கிட்டத்தில் ஒன்று. பூச்சி கிடைத்தால் வெள்ளைத் தாளில் வைத்து எடுக்கவேண்டும். எது தெரியவேண்டுமோ அது படத்தில் இருக்கவேண்டும். மக்காச்சோளத்தில் 2018 முதல் நம்மைப் படுத்துகிற படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இலையில் ஓட்டை இருக்கிற படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புழுவின் தலையில் தலைகீழ் ‘ஒய்’ மாதிரி வெள்ளைக் கோடும், வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் தெரிந்தால் ஐயமே இல்லை. தலையையும் வாலையும் எடுத்து அனுப்பினால் ஐந்து நிமிஷத்தில் பதில் வந்துவிடும். புகையான் என்று சந்தேகம் இருந்தால் இலையைப் படம் எடுக்காமல், தூரைப் பிரித்துத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே எடுக்கவேண்டும். பூச்சி அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

எழுத வராதவர்கள் குரல் பதிவாகப் போடலாம். எங்கள் குழுவில் நல்ல கேள்விகளில் பாதிக்கு மேல் குரலில்தான் வருகிறது. அதைக் குறைவாக நினைக்கக் கூடாது. ஒரு நிமிஷத்துக்குள் முடிக்கவேண்டும், பேரும் ஊரும் சொல்லித் தொடங்கவேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எழுத்துப்பிழையை யாரும் சுட்டிக்காட்டக் கூடாது என்பதும் எழுதப்பட்ட விதி. பிழை பார்த்துச் சிரித்தால் அந்த உழவர் அப்புறம் வாயே திறக்கமாட்டார். நஷ்டம் நமக்குத்தான்.

பதில் சொல்கிறவர் தன் அனுபவத்தின் எடையைச் சொல்லவேண்டும்

பதில்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். இருபது வருஷம் பஞ்சகவ்யம் தெளித்தவர் சொல்வதும், நேற்று வீடியோ பார்த்தவர் சொல்வதும் திரையில் ஒரே எழுத்து, ஒரே அளவு. கேட்கிறவருக்கு எதை நம்புவது என்று தெரியாது. இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். பதிலைத் தொடங்கும்போதே மூன்றில் ஒரு சொல்லைப் போடவேண்டும்: “செய்தேன்”, “பார்த்தேன்”, “கேள்விப்பட்டேன்”. தன் வயலில் செய்ததா, இன்னொருவர் வயலில் நேரில் பார்த்ததா, யாரோ சொல்லிக் கேட்டதா. இந்த ஒரு சொல் எங்கள் குழுவில் செய்த மாற்றம் கொஞ்சநஞ்சமல்ல. “கேள்விப்பட்டேன்” என்று போடவேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்திலேயே பாதி வெற்றுப் பதில்கள் நின்றுபோயின.

அளவு சொல்லும்போது இரண்டு விதமாகவும் சொல்லவேண்டும். பஞ்சகவ்யம் 3 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம், அதாவது 100 லிட்டருக்கு 5 கிலோ கொட்டை. ஒன்றில் எழுத்து விட்டுப்போனாலும் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும். வங்கியில் காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். “டேங்குக்கு 300” என்று மட்டும் போட்டால் 10 லிட்டர் டேங்கா 16 லிட்டர் டேங்கா என்று யாருக்குத் தெரியும்?

வெளியிலிருந்து வந்த செய்தியை அப்படியே தள்ளிவிடுவது கூடாது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பல கை மாறி வந்திருந்தால் அதன்மேல் இரட்டை அம்புக்குறி விழும். அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் தள்ள முடியும் என்று 2020-இல் கட்டுப்பாடு வந்தது. இரட்டை அம்பு போட்ட எதுவும் எங்கள் கேள்வி பதிலில் வரக்கூடாது. நல்ல விஷயமாக இருந்தால் நீங்கள் உங்கள் வார்த்தையில், உங்கள் பேரில் எழுதுங்கள். அப்போது பொறுப்பு வந்துவிடுகிறது.

கேட்டவருக்கும் ஒரு கடன் உண்டு. நெல் ஜெயராமன் அவர்கள் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தியபோது ஒரு முறை வைத்திருந்தார். பாரம்பரிய ரகம் 2 கிலோ வாங்கிப்போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். விதை பெருகியது அந்த முறையால்தான். அறிவும் அப்படித்தான் பெருகவேண்டும். யோசனை வாங்கியவர் பதினைந்து நாளில் வந்து, என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்று சொல்லவேண்டும். பலிக்கவில்லை என்றாலும் சொல்லவேண்டும். பலிக்காதது தெரிவது இன்னும் முக்கியம். “நன்றி ஐயா” என்று கும்பிடுகிற படம் போட்டுவிட்டுக் காணாமல் போவது, 2 கிலோ வாங்கிச் சமைத்துச் சாப்பிட்ட மாதிரி.

திருத்துவது எப்படி

தப்பான யோசனை ஒன்று வந்துவிட்டது. என்ன செய்வது? இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம். பயிருக்கோ மாட்டுக்கோ மனுஷருக்கோ கெடுதல் வருமென்றால் அங்கேயே, அப்போதே, எல்லார் முன்னிலும் திருத்தவேண்டும். “ஐயா சொன்ன அளவு அதிகம்னு நினைக்கிறேன், இலை கருகிடும், கொஞ்சம் பொறுங்க” என்று மரியாதையோடு. கெடுதல் இல்லாத கருத்து வேறுபாடு என்றால் தனியாகப் போன் செய்து பேசவேண்டும். சீனியர் ஒருவரை நூற்றி நாற்பது பேர் முன்னால் மடக்கிவிட்டு, அப்புறம் அவர் ஏன் பேசுவதில்லை என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை.

“அது ஒரிஜினல் இயற்கையே இல்லை” என்கிற சண்டை எல்லாக் குழுவிலும் வரும். ஒருவர் இன்னும் முழுசாக மாறியிருக்கமாட்டார். பாதி ஏக்கரில் பழைய முறை இருக்கும். அவர் கேள்வி கேட்டால் நாலு பேர் பாய்ந்து பிடுங்குவார்கள். பங்கேற்பு உத்தரவாத முறையில்கூட மாறும் காலத்தில் இருப்பவருக்கென்று தனி நிலை ஒன்று இருக்கிறது. முழுசாக மாறியவருக்கு வேறு சான்று. அரசாங்கமே அவகாசம் கொடுக்கும்போது நாம் கொடுக்காமல் இருப்பது நியாயமில்லை. ரசாயனப் பரிந்துரை குழுவில் கூடாது. ரசாயனத்திலிருந்து வெளியே வர வழி கேட்பவரை விரட்டவும் கூடாது.

இரண்டு பேருக்குள் வார்த்தை தடித்தால், பொறுப்பாளர் “இதை மாதக் கூட்டத்தில் பேசுவோம்” என்று ஒரு வரி போடுவார். அதற்குமேல் இருவரும் எழுதக்கூடாது. நேரில் உட்கார்ந்தால் பெரும்பாலும் டீ குடித்து முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. எழுத்தில் குரல் தெரியாது; கேலியும் கோபமாகத் தெரியும்.

பெண்கள், நேரம், போன் நம்பர்

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் நம் எண் பொதுவாக மற்ற உறுப்பினர் கண்ணில் படும். ஆண்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் குழுவில் ஓர் அக்கா, விதைச் சேமிப்பில் கெட்டிக்காரர், திடீரென்று விலகினார். இன்னோர் உறுப்பினரின் மனைவி மூலம்தான் காரணம் தெரிந்தது: ராத்திரி பதினோரு மணிக்குத் தனிச் செய்தி வருகிறது, வீட்டில் கேள்வி கேட்கிறார்கள். அனுப்பியவரை அன்றைக்கே நீக்கினோம். அதோடு ஒரு விதியும் வந்தது. குழுவில் கிடைத்த எண்ணுக்கு, அவர் சம்மதம் இல்லாமல் தனியாகப் பேசவோ செய்தி அனுப்பவோ கூடாது. பேசவேண்டுமென்றால் குழுவிலேயே “கூப்பிடலாமா அக்கா?” என்று கேட்டு, அவர் சொன்ன நேரத்தில் கூப்பிடவேண்டும். எண்ணை வெளி ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. அந்த அக்கா திரும்பி வந்துவிட்டார். அவருடைய பானையிலிருந்து போன வருஷம் பதினோரு வீட்டுக்குக் கத்தரி விதை போயிற்று.

நேரம் காலை ஐந்து முதல் ராத்திரி ஒன்பது வரை. பாம்புக்கடி, மாடு விழுந்தது, தீ மாதிரி அவசரத்துக்கு எழுத்தை நம்பக்கூடாது; நேரே போன்தான். 108-க்கு அடித்துவிட்டுப் பிறகு பக்கத்து உழவரைக் கூப்பிடுங்கள். குழுவில் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

பணமும் மோசடியும்

இதில் வங்கிக்காரன் புத்தி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தை வாய்க்காலில் விலை, அளவு, அறுவடை மாதம், எங்கே வந்து பார்க்கலாம் என்ற நான்கும் இருந்தால்தான் பதிவு நிற்கும். விதை என்றால் முளைப்புத்திறன் பார்த்த நாளும் சொல்லவேண்டும். வாங்கல் விற்றலுக்குக் குழு ஜாமீன் இல்லை என்று தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஒருவரே வாரத்துக்கு ஒரு விளம்பரத்துக்கு மேல் போடக்கூடாது.

பயிற்சிக்கோ, யாருக்காவது உதவிக்கோ பணம் சேர்த்தால், தனி ஆள் கணக்கில் சேரக்கூடாது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடிகிற கூட்டுக் கணக்கு வேண்டும். வரவு செலவு மாதாமாதம் அறிவிப்பில் வரவேண்டும், தொகை நூறு ரூபாயாக இருந்தாலும். தன்னார்வக் குழுக்கள் உடைவது பெரிய திருட்டால் அல்ல. கணக்குச் சொல்லாத சின்னத் தொகையால்தான்.

மோசடி இப்போது உழவர் குழுக்களைத் தேடி வருகிறது. பி.எம். கிசான் பேரில் ‘ஏ.பி.கே.’ என்று முடிகிற கோப்பு ஒன்று வரும். தொட்டால் ஒரு செயலி போனில் உட்கார்ந்துகொண்டு, வங்கியிலிருந்து வருகிற ஓ.டி.பி.யைத் திருடிவிடும். தெரிந்தவர் பேரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே அவர்கள் கையில். எங்கள் விதி: ஏ.பி.கே. கோப்பு எது வந்தாலும் பொறுப்பாளர் உடனே அழிக்கவேண்டும். அனுப்பியவரை நேரே போனில் கூப்பிட்டு எச்சரிக்கவேண்டும். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் சொல்வோம் என்றால் போனது போனதுதான்.

பொறுப்பாளர்: இரட்டைச் சாவியும் முறையும்

வங்கியில் பெட்டகச் சாவி ஒருவரிடம் இருக்காது. இரண்டு பேர், இரண்டு சாவி. இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். நம்பிக்கை இல்லாமல் செய்வதல்ல. தனியாக ஒருவர்மேல் பழி விழாது. குழுவுக்கும் அட்மின் குறைந்தது மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். ஒருவரை நீக்குவதென்றால் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவேண்டும். ஏ.பி.கே., ஆபாசம், தொந்தரவு இந்த மூன்றுக்கு மட்டும் ஒருவரே உடனே செய்யலாம். மற்றதற்கு முதலில் தனியாகச் சொல்வது, பிறகு ஒரு எச்சரிக்கை, அப்புறம்தான் நீக்கம். கூட்டத்தில் வந்து முறையிட அவருக்கு உரிமை உண்டு.

பலர் அட்மினாக இருக்கப் பயப்படுகிறார்கள். “யாரோ எதையோ போட்டா என்னைப் பிடிப்பாங்களே?” என்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் இதைப் பற்றிச் சொல்லியிருக்கின்றன. வெறும் அட்மினாக மட்டும் இருந்தால், வேறு பங்கு எதுவும் இல்லாதபோது, மற்றவர் போட்டதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது. அதற்காகச் சாதி, மத வெறுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. கண்ணில் பட்டவுடன் அழிப்பதுதான் நம் கடமை.

உண்மையில் பொறுப்பாளரைக் கொல்வது வழக்கு இல்லை, களைப்பு. சாப்பிட உட்கார்ந்தால் போன், பேத்தி பிறந்தநாளில் போன். ஒரு வருஷம் தாங்குவார். அப்புறம் குழுவையே கலைத்துவிடுவார். இதற்கு மருந்து முறைவைப்புதான். எங்களிடம் பன்னிரண்டு பேர் வாரத்துக்கு இருவராக முறை எடுக்கிறார்கள். முறைக்காரர் வேலை மூன்று. சாயந்திரம் ஏழு முதல் எட்டு வரை கேள்விகளைப் பார்ப்பது. பதில் வராத கேள்விக்கு விவரம் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்பது. அதுவும் இல்லையென்றால் “பார்த்தோம், நாளைக்குள் சொல்கிறோம்” என்று ஒரு வரி போடுவது. அந்த ஒரு வரி முக்கியம். கேட்டவருக்குத் தான் தனியாக இல்லை என்று தெரியும். எங்களுக்கே தெரியாவிட்டால் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணைக் கொடுக்கிறோம். காலை ஆறு முதல் ராத்திரி பத்து வரை தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்வது ரசாயனமாக இருந்தாலும், பூச்சி இன்னதென்று தெரிந்துகொண்டால் தீர்வை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேலையும் உண்டு. மாதக் கடைசியில் நல்ல கேள்வி, பதில், பலன் மூன்றையும் ஒருவர் நோட்டில் எழுதி வைக்கிறார். போன் தொலைந்தால், ஆள் மாறினால் திரையில் இருந்தது போய்விடும். நோட்டு போகாது. எங்கள் இரண்டாவது நோட்டு இப்போது பாதி நிறைந்திருக்கிறது. புதிதாகச் சேருகிறவரிடம் முதலில் அதைத்தான் கொடுக்கிறோம்.

போன் இல்லாதவர் வெளியே இல்லை

எங்கள் வட்டாரத்தில் நன்றாக விவசாயம் செய்கிறவர்களில் சிலரிடம் பட்டன் போன்தான். அவர்களை விட்டுவிட்டால் குழு வசதியானவர்களின் திண்ணையாகிவிடும். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் ஒருவரைச் ‘சொல்கிறவர்’ என்று வைத்திருக்கிறோம். அறிவிப்பு வந்தால் அவர் நாலைந்து வீட்டுக்குச் சொல்லவேண்டும். கூட்டச் செய்தி பால் சொசைட்டி பலகையிலும் எழுதப்படும். முக்கியமான எந்த முடிவும் திரையில் எடுக்கப்படாது. மாதக் கூட்டத்தில் மட்டும்தான். நேரில் வந்து வட்டமாக உட்காருவதற்குப் பதிலாக வேறு எதுவும் ஆகாது.

எழுதி ஒட்டிக்கொள்ள

புதியவர் சேரும் நாளில் நாங்கள் அனுப்புகிற வரிகள் இவை. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பேர், ஊர், பயிர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.
2. எந்த வாய்க்காலில் எதுவோ அதை மட்டும் போடுங்கள்.
3. கேள்வியோடு ஆறு விவரம், மூன்று படம்.
4. பதிலைச் “செய்தேன்”, “பார்த்தேன்”, “கேள்விப்பட்டேன்” என்று தொடங்குங்கள்.
5. அளவை இரண்டு விதமாகச் சொல்லுங்கள்.
6. இரட்டை அம்புச் செய்தி வேண்டாம்.
7. காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை. கேட்காமல் தனிச் செய்தி கூடாது.
8. ஏ.பி.கே. கோப்பைத் தொடாதீர்கள்.
9. பதினைந்து நாளில் பலனைச் சொல்லுங்கள்.
10. மனத்தாங்கல் இருந்தால் கூட்டத்துக்கு வாருங்கள்.

விதிகள் அதிகம் என்று தோன்றலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டியதில்லை. உங்கள் குழுவில் அடுத்த கூட்டம் எப்போதோ, அன்றைக்கு இரண்டை மட்டும் எடுத்துப் பேசுங்கள்: அறிவிப்பைத் தனியாகப் பிரிப்பது, முறைக்காரர் வைப்பது. நடவு முடிந்து எல்லாருக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிற வாரமாகப் பார்த்து வையுங்கள். சத்தமில்லாமல் விலகிப்போன பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.